யூதாசு வீட்டு மருமகள்

கொல்லைக்குச் சொந்தக்காரர் ராயப்பன் வரப்பில் நின்றுகொண்டே அதைச் சொன்னார். நாளைக்கு மோட்டாரை எப்போது போடவேண்டும் என்று சொல்கிற அதே குரல்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ஏ ரேகா, பெரிய வியாழனுக்குச் சார்லஸ எங்கயும் வேலக்கிப் போவ வேணாம்னு சொல்லு. அவங்கப்பன் இல்லல்ல இப்ப, இனிமே அவன்தான ஒக்காரணும். அந்த மஞ்சத் துண்டக் கொஞ்சம் தொவச்சி வையி. போன வருஷமே பாக்கச் சகிக்கல."

சொல்லிவிட்டு, ஆய்ந்து குவித்திருந்த மல்லாட்டையில் ரெண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தார். பருப்பு தேறியிருந்தது. தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு மேலண்டைக் கொல்லைப் பக்கம் நடந்தார். அவருக்குப் பதில் எதுவும் தேவைப்படவில்லை. பதில் சொல்லவேண்டிய விஷயம் என்றே அவர் நினைக்கவில்லை. ரேகாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பங்குனி வெயில். பிடுங்கிய வேர்க்கடலைச் செடிகளை வேப்ப மர நிழலுக்கு இழுத்து வந்து, காலனிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கொத்தாகப் பிடித்து ஒரு இழுப்பு, காய் மடியில் விழும், செடி முதுகுக்குப் பின்னால் போகும். காலையிலிருந்து இதே வேலை. மண் நகக்கண்ணில் ஏறி இறுகிக் கிடந்தது. கிழக்கே கடல் இருக்கிறதுதான். அங்கிருந்து வந்த காத்தும் அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"சார்லசு அண்ணனுக்கு இந்த வருஷம் ப்ரமோஷனு" என்றாள் சௌந்தரம். எல்லாரும் சிரித்தார்கள். ரேகா சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுச் சௌந்தரம், "சிரிக்காம என்னாடி பண்ணச் சொல்ற? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து ஒன் மாமனாரு எழுந்து போறதத்தான் பாக்குறன். அழுதா நின்னுடுமா?" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த கொத்தை இழுத்தாள்.

சின்னப்பர்பாளையம் என்பது புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே, மெயின்ரோட்டை விட்டு உள்ளே இருக்கிற ஊர். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் போகிற பஸ்ஸெல்லாம் ரோட்டிலேயே ஆளை உதிர்த்துவிட்டுப் போய்விடும், மீதி நடைதான். ஊரில் பாதிக்குமேல் வேதக்காரர்கள். ஊர்த்தெரு ஒன்று, காலனி ஒன்று, ரெண்டுக்கும் நடுவில் மாதா கோயில். மாதா எல்லாருக்கும் பொது என்றுதான் சொல்வார்கள்.

பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவுவார். கடைசி ராத்திரி ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்து எல்லாக் கோயிலிலும் செய்கிறதுதான். ஆனால் இந்த ஊரில் அந்தப் பன்னிரண்டும் யார் என்பது என்றைக்கோ தீர்ந்துபோன கணக்கு. ராயப்பர் வீடு, அருளப்பர் வீடு, சந்தியாகப்பர் வீடு என்று சீடர் பேரில் ஊர்த்தெருவில் பதினோரு வீடுகள். அப்பனுக்குப் பிறகு மகன் வந்து உட்காருவான். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி. பன்னிரண்டாவது யூதாசு, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன். அது காலனியில் சார்லஸ் வீட்டுக்கு. நாற்காலி கிடையாது, முக்காலி. வெள்ளைத் துண்டு கிடையாது, மஞ்சள். மற்றவர்கள் காலைக் கழுவித் துடைத்து முத்தி செய்கிற, அதாவது முத்தம் கொடுக்கிற சாமியார், யூதாசு காலைக் கழுவுவார், துடைப்பார், அத்தோடு எழுந்துவிடுவார். அது முடிந்ததும் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை மரக்கட்டையைத் தட்டுவார். அன்றைக்கு மணி அடிக்கக் கூடாதாகையால் கட்டைதான். கட்டைச் சத்தம் கேட்டால் யூதாசு எழுந்து வடக்கு வாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும். பூசை முடிகிறவரை உள்ளே வரக்கூடாது. ஆண்டவர் தம் உடலென்று அப்பத்தைக் கொடுத்து நன்மையை ஏற்படுத்தின நாளிலே, ஊரே வரிசையில் நின்று நன்மை வாங்குகிற நேரத்தில், அந்த வீட்டு ஆம்பளைக்கு மட்டும் நன்மை கிடையாது.

இதை ஏற்படுத்தியது பாண்டிச்சேரியிலிருந்து குதிரையில் வந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார் என்பார்கள். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னால் காலனி ஜனங்கள் மொத்தமாக வேதத்தில் சேர்ந்தபோது, இவர்கள் கிராதியைத் தாண்டக் கூடாது என்று ஊர்த்தெரு மறித்ததாம். கிராதி என்பது பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிற தடுப்பு. சாமியார் யோசித்து, யாரும் உட்கார மாட்டேன் என்று சொன்ன யூதாசு இடத்தைக் காலனிக்குக் கொடுத்தாராம். ஊர்த்தெருவில் இதை, "நாங்க எடம் குடுத்தோம்" என்று சொல்வார்கள். காலனியிலும் ரொம்ப காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரேகாவுக்கு முதலில் இதெல்லாம் தெரியாது. அவள் கடலூர் முதுநகரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அங்கே யார் வேண்டுமானாலும் உட்காருவார்கள். ஒரு வருஷம் மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் உடைக்கிற ஆள் உட்கார்ந்து அவள் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த முதல் பெரிய வியாழனில், மாமனார் பாதிப் பூசையில் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு வெளியே போவதைப் பார்த்து, அவருக்கு மயக்கம் வருகிறது போல என்று நினைத்துவிட்டாள். பக்கத்துப் பிள்ளையிடமிருந்த தண்ணி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கோயிலே சிரித்தது. புதுப்பெண் யூதாசுக்குத் தண்ணி கொண்டுபோன கதையை இன்றைக்கும் ஊர்த்தெருவில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவள் மறக்காதது அந்தச் சிரிப்பை அல்ல. வெளியே மணலில் உட்கார்ந்திருந்த மாமனார் தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, உள்ளே பாடுகிற பாட்டைக் காது கொடுத்துக் கேட்டார். "நன்ம குடுக்குற பாட்டு வந்துட்டுது. நீ உள்ள போம்மா. ஒனக்குக் கெடைக்காம பூடும்" என்றார். அந்த 'ஒனக்கு' என்கிற சொல் இத்தனை வருஷமாக அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. மனுஷன் போன ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சார்லஸ் பொழுது சாய்ந்துதான் வந்தான். அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கு லாட்ஜ் கட்டுகிற இடத்தில் சென்ட்ரிங் வேலை. கணுக்கால் வரை சிமெண்ட் காய்ந்து வெளுத்திருந்தது. கால் கழுவ உட்கார்ந்தவனிடம் ராயப்பன் சொன்னதை ரேகா சொன்னாள். அவன் நிமிராமலே, "தெரியும். கோயில்பிள்ள ரோட்டுலயே சொன்னாரு" என்றான்.

"நீ என்னா சொன்ன?"

"என்னாத்த சொல்றது? வரன்னன்."

தவக்காலமாகையால் கறி மீன் இல்லை. கேழ்வரகுக் களியும் மல்லாட்டைத் துவையலும்தான். மகள் இளமதி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சிதம்பரத்தில் நர்சிங் படிக்கிறவள். ஒரு வாரமாக அப்பனிடம் சரியாகப் பேசவில்லை. காரணம் ரேகாவுக்கு மட்டும் தெரியும். பஸ்ஸில் இவள் பிடித்துவைத்த சீட்டுக்கு ஊர்த்தெருப் பெண் ஒருத்தி வந்து, "யூதாசு பேத்திக்கு சீட்டு ஒரு கேடா? நீங்கல்லாம் பாதிலயே எறங்குற ஆளுங்கதான" என்றிருக்கிறாள். கூட இருந்த காலேஜ் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. யூதாசு என்றால் என்ன என்று அவர்களுக்கு இவளே விளக்கிச் சொல்லவேண்டி வந்தது. அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

ரேகா அதை இப்போது சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். சார்லஸ் மகளைப் பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

"மாமா, இந்த வருஷம் வேணாம். ஒங்கப்பாவோட வுட்டுடு."

"வுட்டுட்டா?" என்றான் சார்லஸ். அவன் சத்தமாகப் பேசுகிறவனில்லை. களியை உருட்டியபடி மெதுவாகத்தான் சொன்னான். "முக்காலியத் தூக்கி ஓரமா போட்டுட்டு, பதினோரு பேருக்குக் கழுவிட்டுப் போயிடுவாங்க. அத்தோட முடிஞ்சிது. காலனிக்காரன் கிராதியத் தாண்டுறது அந்த ஒரு நாளுதான் ரேகா. எங்கப்பா ஒண்ணும் ரோசங்கெட்டவரு இல்ல. அந்த எடத்த வுட்டா வேற எடம் கெடைக்காதுன்னுதான் ஒக்காந்தாரு. வருஷத்துல ஒரு நாளாச்சும் சாமியாரு நம்ம கால்ல குனியிறாருல்ல?"

"ஒன் கால்லயா குனியிறாரு? யூதாசு கால்லதான குனியிறாரு."

சார்லஸ் கையில் இருந்த களி தட்டிலேயே விழுந்தது. ரேகாவுக்கே அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

விழுந்ததை மறுபடி உருட்டியபடி, "அப்ப என்னாதான் பண்ணச் சொல்ற?" என்றான்.

"ஒக்காரு. ஆனா எழுந்து போவாத. எல்லாரும் மாதிரி வரிசைல நின்னு நன்ம வாங்கிட்டு வா. ஒங்கப்பாவுக்குக் குடுக்காதத நீ வாங்கிட்டு வா."

அவன் துவையலைத் தொடாமலே மீதிக் களியை விழுங்கிவிட்டுக் கை கழுவப் போனான்.

மறுநாள் கொல்லையிலிருந்து வந்தவள் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனாள். ஃபாதர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், சின்ன வயசு, ரோமாபுரியில் படித்தவர் என்பார்கள். நல்ல மனுஷர்தான். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்த காலனிப் பெண் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தபடி அவள் நுனியில் உட்கார்ந்தாள். சொல்ல வந்ததையெல்லாம் சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். இது ஒரு அடையாளம் மட்டும்தான், நாடகம் மாதிரி, யாரும் நிஜமாக அப்படி நினைப்பதில்லை என்றார். பஸ்ஸில் நினைக்கிறார்களே என்றாள் ரேகா. அவர் கையிரண்டையும் கோத்துக்கொண்டார்.

"யூதாசோட பாதத்தையும் ஆண்டவர் கழுவினார்ம்மா. ஆழமா யோசிச்சா, பன்னெண்டு பேர்ல ரொம்பப் பெரிய இடம் அதுதான்."

"பெரிய எடம்னா ராயப்பன் வூட்டுக்கே குடுத்துடுங்க சாமி."

ஃபாதர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கஷ்டங்களைச் சொன்னார். தான் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கம். ஊர்த்தெருக்காரர்கள் கோவித்துக்கொண்டு கோயிலைப் பூட்டிவிட்டால் பாஸ்கா திருநாளே நின்றுபோகும். அடுத்த வருஷம் எல்லார் பேரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கலாம், அதற்குத் தான் பொறுப்பு என்றார்.

"அடுத்த வருஷம் இருக்கட்டும் சாமி. நாளக்கி எங்க வூட்டுக்காரு எழுந்து போவாம, வரிசைல வந்து நின்னா நன்ம குடுப்பிங்களா?"

"அவர் வெளிய போறதுதானேம்மா வழக்கம்."

"போவலன்னா?"

மேசை மேலே இருந்த போனை எடுத்து, யாரும் கூப்பிடாமலே பார்த்தார். "பாத்துக்கலாம்மா" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தச் சொல்லையே ரேகா மென்றுகொண்டு வந்தாள். பாத்துக்கலாம். ரேஷன் கடையில் சொல்வது, தாலுகா ஆபீசில் சொல்வது. ஆண்டவர் உடம்பையும் அதே சொல்லால் நிறுத்தி வைக்கலாம் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. மனுஷன் கெட்டவனாக இருந்தால்கூடத் தேவலை, திட்டிவிட்டு வரலாம். நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்கிறவரை என்ன செய்வது?

வியாழக்கிழமை சாயந்தரம் கோயில் நிறைந்துவிட்டது. ஆண்கள் தெற்கே, பெண்கள் வடக்கே. பந்தல்காரனிடம் வாடகைக்கு எடுத்த பெரிய ஃபேன்கள் சூட்டையே சுற்றிச் சுற்றி அடித்தன. கிராதிக்கு உள்ளே பதினோரு பேர் வெள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் முக்காலியில் சார்லஸ். மஞ்சள் துண்டை ரேகா துவைக்கவில்லை. அவனே துவைத்து, மடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான். ஆனாலும் விரல் இடுக்கில் சிமெண்ட் வெளுப்பு போகவில்லை.

ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ராயப்பனிடமிருந்து தொடங்கினார். தண்ணி ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தி செய்தார். அடுத்தவர். அடுத்தவர். சார்லஸிடம் வந்தார். தண்ணி ஊற்றினார். துடைத்தார். ஒரு நொடி அப்படியே மண்டியிட்டிருந்தார். குனிவார் என்று ரேகா நினைத்தாள். அவர் எழுந்துவிட்டார்.

கோயில்பிள்ளை கட்டையைத் தட்டினார்.

சார்லஸ் எழுந்திருக்கவில்லை.

சத்தம் கேட்கவில்லையோ என்று கோயில்பிள்ளை மறுபடி தட்டினார். சார்லஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, முக்காலியின் ரெண்டு பக்கத்தையும் கையால் பிடித்திருந்தான். ராயப்பன் நாற்காலியிலிருந்தே உடம்பைச் சாய்த்து, "டேய், எழுந்து போடா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. ஊர்த்தெரு ஆண்கள் ரெண்டு மூன்று பேர் எழுந்து நின்றார்கள். ஃபாதர் பாட்டுக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். பாட்டு தொடங்கியது. பாட்டுச் சத்தத்தில் மற்றதெல்லாம் அடங்கின மாதிரி ஆனது.

"சாதிச்சிட்டாண்டி" என்று காதில் சொன்னாள் சௌந்தரம். ரேகாவுக்குத் தெரியும், இன்னும் இல்லை.

நன்மை நேரம் வந்தது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ரெண்டும் நடுவில் நிற்கிற ஃபாதருக்கு முன்னால் வந்து சேரும். அவர் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகக் கொடுப்பார். கிராதிக்குள் இருந்த பதினோரு பேரும் அங்கேயே முதலில் வாங்கிக்கொண்டார்கள். சார்லஸ் முக்காலியிலிருந்து இறங்கி வெளியே வந்து, காலனி ஆண்களோடு வரிசையில் நின்றான். அவன் நிற்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து ரேகா முன்னும் பின்னும் ஆட்களை விட்டு நகர்ந்தாள். ஃபாதர் முன்னால் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் போய் நின்றார்கள்.

சார்லஸ் ரெண்டு கையையும் ஏந்தினான்.

ஃபாதர் அவனைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி ராயப்பனைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு பார்வை. ராயப்பன் ஆம் என்றோ இல்லை என்றோ காட்டவில்லை. அவர் காட்டவேண்டிய அவசியமே இல்லை. ஃபாதர், "அப்பறம் பேசிக்கலாம் சார்லஸ்" என்று உதடு அசையாமல் சொல்லிவிட்டு, ரேகா பக்கம் திரும்பினார்.

"கிறிஸ்துவின் உடல்" என்றார்.

கொரோனா வந்த வருஷத்திலிருந்து நன்மையை நாக்கில் வைப்பதில்லை, கையில்தான் கொடுக்கிறார்கள். ரேகாவின் உள்ளங்கையில் அது வந்து விழுந்தது. மல்லாட்டைச் செடி கீறிக் கீறித் தடித்த கை. கோடு கோடாக மண் ஏறி, எத்தனை சோப்பு போட்டும் போகாத கை. அதன் நடுவில் வெள்ளையாக, காத்தில் பறந்துவிடும் போல இருந்தது அப்பம். வெளியே மணலில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷனை அவள் நினைத்தாள். இத்தனை வருஷமாக இந்த ஒரு துண்டு மாவைக் கொடுக்காமல் வைத்திருந்தவர்கள்தான் தினமும் ஆண்டவரே ஆண்டவரே என்று பாடுகிறார்கள்.

அவள் வாயில் போடவில்லை. அதை ரெண்டாக உடைத்தாள். காய்ந்த சருகு முறிகிற மாதிரி சின்னச் சத்தம். ஒரு பாதியைச் சார்லஸின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"வாங்கு மாமா" என்றாள்.

சார்லஸ் அவளைப் பார்த்தான். ஃபாதர், "அம்மா, அப்படிப் பண்ணக்கூடாதும்மா" என்றார். பின்னால் ராயப்பன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது. சார்லஸ் வாயைத் திறந்தான். அவள் வைத்தாள். மற்ற பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஆமென்" என்றான் சார்லஸ். பாட்டுக்காரர்கள் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். கோயில் முழுக்க அது கேட்டது.

பிறகு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ராயப்பன், "பாவம், தோஷம்" என்று என்னவோ சொல்லிக்கொண்டு கிராதிக்கு இந்தப் பக்கம் வர இறங்கினார். ஆனால் வரிசை கலையாமல் நின்றது. காலனிப் பெண்கள் யாரும் வழி விடவில்லை. சௌந்தரம் ஃபாதருக்கு முன்னால் வந்து கையை ஏந்தி, "எனக்குக் குடுங்க சாமி, நேரமாவுது" என்றாள். ஃபாதர் கொடுத்தார்.

சார்லஸ் முக்காலிக்குத் திரும்பிப் போகவில்லை. வடக்கு வாசல் பக்கமும் போகவில்லை. ரேகாவின் பின்னாலேயே வந்து, ஆண்கள் யாரும் உட்காராத பெண்கள் பக்கத்தில், அவளுக்கும் இளமதிக்கும் நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இளமதி நகர்ந்து இடம் விட்டாள். அவனை எழுப்பி அனுப்ப வந்த கோயில்பிள்ளை, ரேகாவின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த ஒரு மெழுகுத்திரியை, அதை நேராக வைக்கத்தான் வந்தவர் மாதிரி தொட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.